ரோஸ்லின் கட்டிய ஈ

போன மாதம் கம்பெனியிலிருந்து சுகன்யா போன் பண்ணினாள். இனிமேல் பெட்டிக்குள் வைக்கிற சீட்டில் நம்பருக்குப் பதிலாக, ஈ கட்டினவர்களின் பேரையே அச்சடிக்கப் போகிறார்களாம். "ஒங்க காலத்துல வெறும் நம்பர்தானக்கா? யாரு கட்டுனதுன்னு வெளிநாட்டுக்காரனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "தெரிய வேண்டியவனுக்குத் தெரியும்டி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு அடங்கவில்லை. என் நம்பர் பதினாலு. பக்கத்து மேஜை ரோஸ்லினுக்குப் பதினைந்து. இருபத்தாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அந்தப் பதினைந்தாம் நம்பர் மேல் எனக்கு இருந்த பொறாமையையும், அதனால் நான் செய்த ஒரு காரியத்தையும் கம்பெனியில் இப்போது இருக்கிற பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. சுகன்யா கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஈ கட்டுகிறவர்கள். குளிர் மலைகளில், சில்லென்று ஓடுகிற ஓடைகளில், ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. தண்ணீரில் வந்து விழுகிற சின்னச் சின்னப் பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தூண்டிலில் பிடிக்கிறவர்கள் புழு கோர்ப்பதில்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் முயல் மயிரும் சுற்றி, பூச்சி மாதிரியே ஒன்றைக் கட்டி, அதைத்தான் தண்ணீரில் வீசுவார்கள். அந்தப் பொய்ப் பூச்சிக்கு எங்கள் பாஷையில் ஈ என்று பெயர். உறவுக்காரர்கள் யாராவது எங்கே வேலை என்று கேட்டு, "ஈ கம்பெனியில" என்று சொன்னால், "ஈ ஓட்டுறதுக்குக் கூடவா கம்பெனி வச்சிருக்கான்?" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

கம்பெனி முதலில் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. நானும் ரோஸ்லினும் ஒரே நாளில் சேர்ந்தோம். எனக்கு அவளைவிட நாலு மாதம் வயது கூட. ஆறு மாதம் பழக்கினார்கள். முதல் மாதம் முழுக்க வெற்று முள்ளில் நூல் சுற்றிச் சுற்றிப் பிரித்தோம். வேறொன்றும் கிடையாது. ஆறாம் மாதம் கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

கட்டுகிற முறை இதுதான். மேஜை ஓரத்தில் திருகி வைத்த சின்னக் கவ்வியில் முள்ளைப் பிடிக்க வைக்க வேண்டும். நூலில் தேன்மெழுகு தேய்க்க வேண்டும். முள்ளின் காதுக்குப் பக்கத்தில் ஐந்து சுற்று, அங்கிருந்து வளைவு வரை நெருக்கமாகப் பின்னுக்குப் போக வேண்டும். வாலுக்கு இறகு நுனி. உடம்புக்கு முயல் மயிரை நூலில் உருட்டிச் சுற்றுவது. கழுத்துக்குச் சேவல் இறகு, நட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி மூன்று சுற்று. தலையில் முடிச்சு. முடிச்சின் மேல் ஊசி முனையால் ஒரு சொட்டு வார்னிஷ். இவ்வளவும் ஒரு நெல்மணி நீளத்துக்குள் நடக்க வேண்டும்.

எங்கள் மேலாளர் தாமோதரன் சார். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பார். தினமும் மூன்று மணிக்கு ஒரு வெள்ளைச் சாஸரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மேஜை மேஜையாக வருவார். ஒவ்வொரு டஜனிலிருந்தும் பார்க்காமல் ஒன்றை எடுப்பார். தண்ணீரில் போட்டு உதட்டுக்குள் ஏதோ எண்ணுவார். எடுத்து நகத்தால் பக்கவாட்டில் ஒரு தள்ளு. சுற்று நகர்ந்துவிட்டால் பாதி ப்ளேடு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நம் முன்னால் வைப்பார். "பிரிச்சிடுங்கம்மா." அவ்வளவுதான். அந்த டஜன் முழுவதையும் கட்டினவளே பிரித்து, முள்ளைத் துடைத்து, திரும்பக் கட்ட வேண்டும். திட்டினால்கூடத் தேவலாம் என்றிருக்கும்.

எனக்கு அந்த ப்ளேடு வந்தது மொத்தமே ரெண்டு மூன்று தடவைதான். நான் கட்டின ஈ அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பன்னிரண்டையும் வரிசையாக வைத்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாது. ரோஸ்லின் கட்டினது தலை வாராத பிள்ளை மாதிரி இருக்கும். இறகு ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். ஆனால் சார் நகத்தால் தள்ளினால் நகராது. அதனால் விட்டுவிடுவார். ஆபீஸில் விருந்தாளிகளுக்குக் காட்டுகிற கண்ணாடிப் பெட்டியில் இருந்ததெல்லாம் பதினாலாம் நம்பர்தான். நான் தினமும் அதைக் கடந்துதான் கைகழுவப் போவேன்.

பிறகு கம்பெனி சிதம்பரத்துக்கு வெளியே சொந்தக் கட்டிடத்துக்குப் போனது. காலை பாசஞ்சரில் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறி, ரோஸ்லினுக்கு ஜன்னல் ஓரம் இடம் பிடித்து வைப்பேன். அவள் அடுத்த ஸ்டேஷன் முதுநகரில் ஏறுவாள். ஏறினதும் என் டிபன் டப்பாவைத் திறந்து பார்ப்பாள். பரங்கிப்பேட்டை வருவதற்குள் இரண்டு வீட்டுக் கதையும் பேசி முடித்திருப்போம். அப்போது எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை.

எல்லாம் எங்களிடம் ஈ வாங்க விரும்பிய ஓர் இத்தாலிக்காரரால் வந்தது. அவர் ஊரில் ட்ரவுட் பிடிக்கிறவர்கள் நூல் சுற்றுகிற ரீல் வைத்த கம்பைத் தொடுவதில்லையாம். நீளமான ஒரு கம்பு, நுனியில் நூல், நூல் முனையில் ஈ. நம் கெடிலத்தில் கெண்டை பிடிக்கிறவர்கள் வைத்திருக்கிற மாதிரியே. ஈயும் அதேபோல எளிசு. முள், பட்டு நூல், ஒரு கௌதாரி இறகு. வால் கிடையாது, மயிர் கிடையாது. மூன்றே பொருள் என்பதால் எதையும் மறைக்க முடியாது.

மாதிரிக்கு ஆளுக்கு ஒன்று கட்டும்படி சார் பன்னிரண்டு பேரிடம் சொன்னார். என்னுடையதைப் பெட்டியில் மேல் வரிசையில் வைத்தார். நான் பார்த்தேன்.

இத்தாலிக்காரர் நேரிலேயே வந்தார். வெயிலில் சிவந்த மூக்கு, வெளுத்த புருவம். உயரமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். முதலில் என் ஈயைப் போட்டார். "அழகு, அழகு" என்று இங்கிலீஷில் சொன்னார். அது டம்ளரில் அப்படியே, குத்திட்டு, மெதுவாக இறங்கியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, ரோஸ்லினுடையதைப் போட்டார். டம்ளரை விரலால் லேசாகத் தட்டினார். அந்த இறகு விரிந்தது, மூடியது. திரும்ப விரிந்தது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அவர் குனிந்து, டம்ளர் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சாரிடம், "பதினைந்து யார்?" என்று கேட்டார்.

எனக்கு இன்றைக்கும் அந்த நிமிஷம் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் என்னைத்தான் முதலில் பார்த்தாள். நான் சிரித்தேன். என் காது சுட்டது.

அதோடு முடியவில்லை. அவர் மூன்று நாள் நீலகிரிக்கு மீன் பிடிக்கப் போகிறாராம். பதினைந்தாம் நம்பரும் கூட வந்து மீனையும் தண்ணீரையும் கண்ணால் பார்க்க வேண்டுமாம். சார் தன் மனைவியையும் சேர்த்துக்கொண்டு ரோஸ்லினை அழைத்துப் போவதாக முடிவாயிற்று.

"நீயும் வாயேன் விஜயா, சார்கிட்ட நான் கேக்கறேன்" என்றாள் ரயிலில்.

"எனக்கு எதுக்கு? நீ போயிட்டு வா. குளுருமே, ஸ்வெட்டர் இருக்கா ஒனக்கு?"

"இல்லியே."

மறுநாள் என் ஊதா ஸ்வெட்டரைக் கொண்டு போய்க் கொடுத்தேன். ரொம்பப் பெருந்தன்மையாகக் கொடுத்தேன்.

அவள் திரும்பி வந்து ஸ்வெட்டரைத் துவைத்து, மடித்து, கூட ஒரு தைலப் பாட்டிலும் வைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த ஸ்வெட்டரை நான் போட்டதே இல்லை. ரயிலில் கதை கதையாகச் சொன்னாள். "தண்ணி கண்ணாடி மாதிரி விஜயா. கூழாங்கல்ல எண்ணலாம். அவரு ஒரு மீனப் புடிச்சி என் கையில குடுத்தாரு பாரு, ஐஸ் மாதிரி இருக்கு! ஒடம்புல ஒரு ரோஸ் கோடு ஓடுது." பெட்டியில் இருந்த பூக்காரம்மா, ஐ.டி.ஐ. பிள்ளைகள், எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கி, ஹாலில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மணி பார்ப்போம்? ஒவ்வொரு தடவையும் அவள் என் ஸ்வெட்டரில் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "வெளிச்சம் கூசுது" என்று காரணம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியிலும் ஈக்களை மாற்றினார்கள். இத்தாலி ஆர்டர் முழுக்க ரோஸ்லின் கையாலேயே கட்டிப் போனது. அந்த சீசன் முடிந்ததும் ஹால் சூப்பர்வைசர் வேலை அவளுக்குத்தான் என்று பேசிக்கொண்டார்கள். சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலை எனக்கு வரும் என்று நான் நினைத்திருந்தேன். ஸ்டோர் சாவி என்னிடம்தான் இருந்தது. நூல், இறகு, முள் எல்லாம் என் பொறுப்பு.

அந்த ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஸ்டோருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த பட்டு நூல் கட்டைகள் நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் மொட்டைமாடியில் காய வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றை இழுத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே மக்கியிருக்கிறது. புதுப் பிள்ளைகள் பழகுவதற்கு ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுத் தட்டின் பின்பக்கம் வைத்தேன்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரோஸ்லினுக்கு அவசரமாக நூல் தேவைப்பட்டது. என்னிடம் சாவி வாங்கிப் போய் எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஆறு கட்டை. ஆறிலும் ரப்பர் பேண்டு.

"விஜயா, இது ரப்பர் பேண்டு போட்டு தனியா இருந்துச்சே, வேற லாட்டா?"

என் வாயில் சோறு. விழுங்கினேன். சொல்ல நேரம் இருந்தது.

"எல்லாம் ஒண்ணுதான். கட்டு" என்றேன்.

அவள் போய்விட்டாள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன். சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சார் சாஸரில் போட்டுப் பார்த்தபோது ஒன்றும் நகரவில்லை. சரக்கு கப்பல் ஏறியது.

நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஒரு மீன் கடித்ததுமே உடம்பு நூல் அறுந்து கழன்றுவிடுகிறது என்று இத்தாலிக்காரர் எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. "பதினைந்து இப்படிச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தாராம்.

சார் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் சாஸர், ப்ளேடு, திரும்பி வந்த பெட்டிகள்.

"ஸ்டோர் சாவி ஒங்ககிட்டதானம்மா?"

"ஆமா சார்."

"நனைஞ்ச கட்டைய தனியா வச்சிருந்தீங்களா?"

"வச்சிருந்தேன் சார். ரப்பர் பேண்டு போட்டு."

"அது நனைஞ்சதுன்னு ரோஸ்லினுக்குத் தெரியுமா?"

அதுவரை நான் சொன்னதெல்லாம் உண்மை. "தெரிஞ்சிருக்கும் சார்" என்றேன்.

எனக்கு முன்னாடியே ரோஸ்லினைக் கூப்பிட்டிருந்தார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னைச் சொல்லியிருப்பாள், சாயந்திரத்துக்குள் திரும்பக் கூப்பிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. மறுநாள் ரோஸ்லினைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். பத்து நாளில் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கடிகாரத்துக்குக் கீழே இருந்த போட்டோவைக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது.

நான் ஆசைப்பட்டது எல்லாம் கைக்கு வந்துவிட்டது. ரயிலில் அவள் பழையபடி என் எதிரில் உட்கார்ந்தாள். பேச்சு மட்டும் குறைந்தது. அவள் என்னைப் பற்றிச் சாரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று மட்டும் எனக்குப் புரிந்தது. ஏன் என்று புரியவில்லை. அதற்கும் எரிந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இது முடிகிறது என்று எரிந்தது.

திரும்பி வந்த ஈக்களிலிருந்து முள்ளை மட்டும் மீட்க வேண்டும் என்று சார் சொன்னார். "ஒங்க பொறுப்புல பிரிச்சிடுங்கம்மா" என்று சட்டைப் பையிலிருந்து ப்ளேடை எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கலாம். எனக்கு என்னமோ அதை யார் கண்ணிலும் காட்டப் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் தினமும் ஸ்டோரில் உட்கார்ந்து நானே பிரித்தேன்.

பிரிக்கும்போதுதான் ஒருத்தி கை எப்படிப் போகிறது என்று தெரியும். கட்டினதைத் தலைகீழாகப் பார்க்கிற மாதிரி அது. முதலில் தலை முடிச்சு, அப்புறம் இறகு, அப்புறம் உடம்பு. ரோஸ்லின் இறகைக் கடைசி அரைச் சுற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தாள். இறகுக்கு அடியில் நூலால் ஒரு சின்ன மேடு செய்து, அதன் மேல் இறகு சாய்ந்து நிற்கிற மாதிரி விட்டிருந்தாள். அதனால்தான் தண்ணீரில் அது விரிந்து மூடியது. இத்தனை வருஷம் நான் அவசரம், சோம்பல் என்று நினைத்த அந்தக் கலைந்த தோற்றம் ஒவ்வொன்றிலும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. இருநூறு, முந்நூறு என்று பிரித்தேன். ஒன்றில்கூடத் தப்பவில்லை. நான் கட்டியிருந்தால் எனக்கு இது வந்திருக்காது. ஸ்டோரில் தனியாக உட்கார்ந்து எனக்கு நானே அதை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது நாளோ நாலாவது நாளோ இன்னொன்றைக் கவனித்தேன். இந்த ஈக்கு உடம்பில் ஒன்பது சுற்று. மாதிரியிலும் ஒன்பது, முதல் பெட்டிகளிலும் ஒன்பது. ஆனால் ரப்பர் பேண்டு நூலில் கட்டினவற்றில் பதினொன்று இருந்தது. எண்ணிப் பார்த்தேன். அடுத்ததிலும் பதினொன்று. அதற்கு அடுத்ததிலும்.

நூல் பலமில்லை என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஈயிலும் ரெண்டு சுற்று கூடச் சுற்றியிருக்கிறாள். ஆனாலும் அதையேதான் வைத்துக் கட்டியிருக்கிறாள். நூல் மேல் நம்பிக்கை இல்லை, ஒண்ணுதான் என்று நான் சொன்னதன் மேல் இருந்திருக்கிறது.

ப்ளேடைக் கீழே வைத்தேன். எழுந்து நேராகச் சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. அவள் கேட்டதையும், நான் சொன்னதையும், "தெரிஞ்சிருக்கும்" என்று அவரிடம் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தள்ளினார்.

"எழுதிக் குடுங்கம்மா."

எழுதினேன். ரெண்டு தடவை படித்தார். கையெழுத்துக்குக் கீழே என் நம்பரையும் போடச் சொன்னார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். "ரோஸ்லின்கிட்ட கேட்டேன். நாந்தான் எடுத்தேன்னு மட்டும்தான் சொன்னாங்க. நீங்களே வந்து சொன்னதால ஒங்கள வெளிய அனுப்பல. பேக்கிங்குக்குப் போங்க."

மறுநாள் காலை ரயிலில் ரோஸ்லின் முதுநகரில் ஏறினாள். விஷயம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் சார்கிட்ட சொல்லல நீ?" என்று நானே கேட்டேன்.

"ஒன் வூட்டுக்காரரு கால ஒடச்சிக்கினு படுத்திருந்தாரு. எங்க வூட்ல ரெண்டு சம்பளம் வருது. ஒன் வேல போச்சின்னா இன்னா பண்ணுவ?" கம்பியை மாற்றிப் பிடித்தாள். பிறகு, "மறந்துட்டு சொல்லியிருப்பன்னுதான் நெனச்சேன் விஜயா. வேணும்னே சொன்னியா?" என்றாள்.

"ஆமா."

"ஏன்?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "நீ மலைக்குப் போன. நான் போவல."

அவள் என்னையே பார்த்தாள். "அதுக்கா?" என்றாள். ஆலப்பாக்கத்தில் வண்டி நின்றதும் இறங்கி, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

ஆறு மாதம் வேறு பெட்டியில்தான் வந்தாள். நான் ஜன்னல் ஓரத்தில் பையை வைத்து இடம் பிடித்தபடியே இருந்தேன். முதுநகர் தாண்டினதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். ஒரு நாள் அடைமழை. அவள் முழுக்க நனைந்து என் பெட்டியில் ஏறி, பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். "டப்பாவுல இன்னா?" என்று கேட்டாள். புளிசாதம் என்றேன். திறந்து எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் சூப்பர்வைசர் ஆனாள். ஒரு வருஷத்தில் நான் பேக்கிங்கிலிருந்து பழைய மேஜைக்கு வந்தேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் அவளுக்குக் கீழேதான் வேலை பார்த்தேன். அந்தக் காரியத்தை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. என் பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். தப்பு அவளுடையதில்லை என்று சார் எழுதிய பிறகு, இத்தாலிக்காரர் வருஷா வருஷம் அவளுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். தபால்காரர் வரும்போது நான் தலை நிமிர மாட்டேன். அவள் மாதிரி இறகைச் சாய்த்துக் கட்ட வீட்டில் ரகசியமாகப் பழகிப் பார்த்தேன். பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதானே. சுற்று எல்லாம் சரியாக வரும். தண்ணீரில் போட்டால் விறைத்துக்கொண்டு நிற்கும்.

இந்த மாசியில் ரோஸ்லின் போன் பண்ணினாள். அவள் மகள் ஜெனிஃபர் ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். "பாப்பா மீன் புடிக்க பர்மிட்டு வாங்கி வச்சிருக்கா. ரெண்டு பேருக்கு. வர்றியா?" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி மூன்று நாள் இழுத்தேன். அந்த மூன்று நாளும் உட்கார்ந்து பன்னிரண்டு ஈ கட்டினேன். என் வாழ்க்கையிலேயே நான் கட்டினதில் அதுதான் சிறந்தது. ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அடுக்கிக்கொண்டேன். அப்புறம்தான் வருகிறேன் என்று சொன்னேன்.

ஜெனிஃபர் எங்களை ஓடை வரை கொண்டு வந்து விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள். ஓடைக்குக் காவல் பார்க்கிற வாட்சர் போஜன் எங்களுக்காகக் காத்திருந்தார். கையில் ரீல் இல்லாத ரெண்டு நீளக் கம்பு. எங்களைப் பார்த்து, சேலையை ஏற்றிச் செருகிக்கொள்ளச் சொன்னார். தண்ணீரில் காலை வைத்ததும் எனக்கு எலும்பு வரைக்கும் வலித்தது. நம் ஊர் ஆற்றைப் பார்த்த கண்ணுக்கு அது தண்ணீர் மாதிரியே இல்லை. அடியில் இருக்கிற கல்லின் நிறம் வரை தெரிந்தது. இத்தனை வருஷம் லட்சக்கணக்கில் இதற்காகத்தான் கட்டினோமா என்று நின்றுவிட்டேன். ரோஸ்லின் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் மிகைப்படுத்திச் சொல்கிறாள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நெழல் தண்ணி மேல விழக்கூடாதுங்க. பாறைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, தண்ணி வர்ற பக்கம் பாத்து வீசுங்க. தண்ணியே ஈயக் கொண்டாரும், நீங்க இழுக்காதீங்க" என்றார் போஜன்.

அரை மணியில் ரோஸ்லினுக்கு ஒன்று மாட்டியது. கை அளவு இருந்தது. பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. எனக்கு ஒன்றுமில்லை. மீன் வராமல் இல்லை. அடியிலிருந்து நிழல் மாதிரி எழுந்து வரும், என் ஈக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்று பார்க்கும், திரும்பிப் போய்விடும். மூன்று தடவை அப்படி நடந்தது. நான் ஈயை மாற்றினேன். அதையும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

போஜன் என் டப்பாவை எட்டிப் பார்த்தார். "ரொம்ப அழகா கட்டியிருக்கீங்க. ஆனா வெறப்பா இருக்குதுங்க. பூச்சி அசையணும்ல?"

ரோஸ்லின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, கேட்காதவள் மாதிரி நூலைச் சரிசெய்தாள். அவள் ஈக்கள் ஒரு மடித்த காகிதத்தில் இடுப்பில் இருந்தன. அவளாக எடுத்து நீட்ட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நீட்டினால் எனக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அப்படியே போனது. விரல்கள் மரத்துவிட்டன.

கடைசியில் நான் கம்பைப் பாறையில் சாய்த்துவிட்டு, தண்ணீரில் தடவித் தடவி நடந்து அவள் நின்ற இடத்துக்குப் போனேன். கையை நீட்டினேன்.

"ஒண்ணு குடுடி."

"எது?"

"ஒன்னுது."

அவள் காகிதத்தைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஊதிப் பார்த்து, ஒன்றை எடுத்தாள். கண்ணாடி போட்டும் முள்ளின் காது தெரியவில்லை. அவள் முள்ளைப் பிடித்துக்கொள்ள, நான் நூலை நுழைத்தேன். நாலாவது தடவைதான் நுழைந்தது.

என் பாறைக்குப் போய் வீசினேன். முதல் தடவை வெறுமனே வந்தது. ரெண்டாவது தடவை அந்த நிழல் எழுந்து வந்தது. நிற்கவில்லை. கம்பு நுனி படக்கென்று வளைந்தது. கையிலிருந்து தோள் வரைக்கும் அது உதறினது எனக்குத் தெரிந்தது. "தூக்குங்க, தூக்குங்க!" என்று போஜன் கத்தினார். அவரைவிட ரோஸ்லின் சத்தமாகக் கத்தினாள். "விஜயா! விட்டுடாதடி! விட்டுடாத!"

கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. உடம்பில் அந்த ரோஸ் கோடு ஓடியது, அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். வாயோரத்தில் ஈ, இறகு கொஞ்சமும் கலையாமல். போஜன் குனிந்து முள்ளைக் கழற்றிவிட்டு, விரலால் ஜாண் வைத்துப் பார்த்தார்.

"அந்த அம்மா புடிச்சத விட இது பெருசுங்க" என்றார்.

ரோஸ்லின் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு ஒரு நொடி நின்றது. நான் பார்த்தேன். முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் முகத்தில் நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஈ என்னுதுதான?" என்றாள்.

மீனைத் தண்ணீரில் விட்டேன். கல்லுக்கு அடியில் போய் மறைந்தது.

"ஆமாண்டி, ஒன்னுதுதான்" என்றேன், போஜனுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக.